பட்டி மேட்டில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

இருபத்தெட்டு வருஷமாகக் காப்பித்தூள் விற்கிறேன். கொட்டையில் பிளாண்டேஷன் ஏ தரம் எது, பீபெரி எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு காப்பிச் செடிக்குப் பக்கத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் நின்றதில்லை. கொடைக்கானல் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று இதை இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை.

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவனுக்குக் கீழ்ப்பழனி மலையில், பெரும்பாறைக்கு மேலே, தாண்டிக்குடி போகிற வழியில் தோட்டம். வருஷா வருஷம் கூப்பிடுவான். "மாப்ளே, மாடு மேஞ்ச இடத்துல காடு வருதுடா, வந்து பாரு." தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். தினமும் ராத்திரி சிக்னல் கிடைத்தால் எழுதிப் போடுகிறேன். கிடைக்காவிட்டால் மறுநாள் சேர்த்து.

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு. நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏறியது. அதற்கப்புறம் பஸ் முழுக்க மல்லிகைதான். வத்தலக்குண்டில் வேறு பஸ் மாறினேன். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பட்டிவீரன்பட்டி வந்ததும் எனக்கு அப்பா ஞாபகம். கொட்டை எடுக்க இங்கேதான் வருவார், சாயங்காலம் சட்டையெல்லாம் தூசியோடு திரும்புவார். சென்னையில் பாண்டி பஜார் என்கிறார்களே, அந்தப் பாண்டி இந்த ஊர் சௌந்தரபாண்டியனார்தான். அவரும் தோட்டக்காரர்.

சித்தரேவு தாண்டினால் ஏற்றம். திரும்பிப் பார்த்தால் கீழே மருதாநதி அணை தெரிந்தது. இந்த மலையிலிருந்து இறங்கி வைகைக்குப் போகிற சின்ன ஆறு. ஆக, மதுரையில் நாம் பாலத்தில் நின்றுகொண்டு "தண்ணி வருதா" என்று எட்டிப் பார்ப்பதில் ஒரு பங்கு இங்கேயிருந்து வர வேண்டியது.

பஸ் நிறுத்தத்துக்கு நண்பன் ஜீப்பில் வந்திருந்தான். வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி, "அண்ணே, உங்களுக்கே காப்பி போடறதுக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே டம்ளரை நீட்டினார். சொந்தக் கொட்டை, சிக்கரி கிடையாது. நல்ல காப்பிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருஷமாகச் சிக்கரி கலந்த டிகாக்ஷனில் ஊறின நாக்கு என்னுடையது. ஏதோ பாதியில் நிறுத்தின மாதிரி இருந்தது. சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் முதல் வேலையாகப் பட்டி மேட்டுக்குப் போனோம். தோட்டம் மொத்தம் பத்தொன்பது ஏக்கர். பதினாலில் காப்பி. மேற்கே சரிவாக இறங்குகிற ஐந்து ஏக்கருக்குத்தான் பட்டி மேடு என்று பெயர். நண்பனின் தாத்தா காலத்தில் காப்பிக்கு எரு வேண்டும் என்பதற்காகவே அங்கே மாட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். உர மூட்டை வந்த பிறகு சொந்த மாடு குறைந்தது. ஆனால் மேய்ச்சல் நிற்கவில்லை. கீழேயிருந்து கிடை மாடு ஓட்டி வருகிறவர்களுக்கு விட்டார்கள். புதுப்புல் வர வேண்டும் என்று வருஷம் தவறாமல் மாசியில் தீ வைப்பது வழக்கம். ஐம்பது வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது.

நான் என்னவோ பசேல் என்று கன்றுக்காடு இருக்கும் என்று நினைத்துப் போனேன். பார்த்த இடமெல்லாம் சுக்குநாறிப் புல், இடுப்பு உயரத்துக்கு. நடுநடுவே திட்டுத் திட்டாக மரங்கள், ஒவ்வொரு திட்டும் நம் வீட்டு மொட்டை மாடி அகலம். அவ்வளவுதான். "இதுக்கா ஏழு வருஷமாக் கூப்பிட்ட?" என்று கேட்டேவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஜீப்பிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தான்.

நாலு லிட்டர் டப்பா, மூடியும் கிடையாது, அடியும் வெட்டி எடுத்தாயிற்று. வெறும் வளையம். புல்லுக்கு நடுவில் வெறுமனே கிடந்த தரையில் அதை வைத்து, மேலே பலகை போட்டுச் சுத்தியலால் இரண்டு விரல்கடை ஆழம் இறக்கினான். இறக்குவதற்குள் வேர்த்துவிட்டது. உள்ளே ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, "டைம் பாரு" என்றான். போனில் ஓட விட்டேன். தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு எறும்பு மிதந்தது. அதை எடுத்து வெளியே விட்டேன். எங்கள் பழைய வாத்தியார், கூடப் படித்தவர்களின் கல்யாணம், விவாகரத்து எல்லாம் பேசி முடித்தோம். தண்ணீர் முழுக்க இறங்க 41 நிமிஷம்.

அப்புறம் ஒரு மரத்திட்டுக்குள் போனோம், நாலு வருஷத்துக்கு முன் நட்டது. அதே டப்பா, அதே ஒரு லிட்டர். 14 நிமிஷம். கடைசியாக ஓடையோரம் மாடு இறங்க முடியாத பள்ளம் ஒன்று இருக்கிறது, அங்கே பழைய காடு கொஞ்சம் மிச்சம். டப்பாவைக் கையாலேயே அழுத்தினான், புட்டு மாதிரி இறங்கியது. தண்ணீரை ஊற்றி நான் போனைப் பார்ப்பதற்குள் பாதி காணோம். ஒரு நிமிஷம் இருபது செகண்ட்.

இதில் விஞ்ஞானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், மூன்றே இடத்தில் மூன்று தடவை ஊற்றியதுதான். ஆனால் ஐப்பசி மழை இந்த மேட்டில் விழுந்தால் எங்கே போகும் என்று புரிந்துவிட்டது. மாட்டுக் குளம்பு ஐம்பது வருஷம் மிதித்த மண் செங்கல் மாதிரி. விதை விழுந்தாலும் வேர் நுழைய வேண்டுமே.

மண் ஒன்று, புல் இன்னொன்று. முதல் வருஷம் இவன் ஆர்வத்தில் ஆயிரம் கன்று வரிசை பிடித்து நட்டிருக்கிறான். கீழே ஒரு நர்சரியில் "எல்லாம் நாட்டு மரம் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நட்டு எட்டு மாசம் கழித்துப் பார்த்தால் பாதி மகாகனி. அமெரிக்கக் கண்டத்து மரம். மீதியைப் புல் மூடிவிட்டது. பங்குனி வெயிலில் எதிர்ச்சரிவில் யாரோ வைத்த தீ இங்கே தாவி வந்து கணக்கை முடித்தது. "ஆயிரத்துல எத்தனை தங்குச்சு?" என்றேன். "நாப்பது இருக்கும். அதுலயும் மகாகனிதான் நல்லா இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகுதான் வேலி, தீத்தடுப்புக் கோடு, திட்டு. வேலிக்கு முள்கம்பியோடு கல்யாண முருங்கைப் போத்து ஊன்றியிருக்கிறான். ஊன்றினது அத்தனையும் தளிர்த்து நிற்கிறது. சரிவைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லை வழித்துவிட்ட பாதை, தை பிறந்ததும் மறுபடி வழிப்பார்களாம். ஒரு திட்டுக்கு இருபத்தைந்து கன்று, நெருக்கி நட்டது. அந்த இருபத்தைந்தைச் சுற்றி மட்டும் வருஷத்துக்கு மூன்று முறை புல் அறுக்கிறார்கள். ஐந்து ஏக்கரிலும் புல் அறுத்தால் காப்பி வருமானம் மொத்தமும் கூலிக்கே போய்விடும்.

திட்டுக்கு நடுவில் நின்று பார்க்கையில்தான் மரம் என்றால் என்ன என்று தெரிந்தது. கணுக்கால் வரை சருகு. தலைக்கு மேல் நாவல், சந்தன வேம்பு, தான்றி. புல் ஒன்றுகூட இல்லை, நிழலில் அது வராது. அட்டை மட்டும் இருந்தது. எனக்கு இரண்டு.

அந்த நேரம் பார்த்து மூன்றாவது திட்டிலிருந்து "ஏய் செவலை!" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் செவலைப் பசு ஒன்று வேங்கைக் கன்றின் நுனியைக் கடித்து அசைபோட்டுக்கொண்டு எங்களை நிதானமாகப் பார்த்தது. பின்னாலேயே ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் இதே மேட்டில் ஊர் மாடு தொண்ணூறு உருப்படி மேய்த்தவர். இப்போது வேலியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மிச்சம் இருப்பது இரண்டு பசு, கொட்டிலில் கட்டி வைத்திருக்கிறார். திட்டைச் சுற்றி அறுக்கிற புல் எல்லாம் அவற்றுக்கு. சாணி காப்பிக்கு. "புல்லு வீட்டுக்கே வருது, ஆனா இதுக்குப் புத்தி இங்கதான் இருக்கு" என்றார். முடிச்சை வாயாலேயே அவிழ்த்துக்கொண்டு, வேலியில் ஓடை போகிற சந்து வழியாக வந்துவிடுகிறதாம்.

மாட்டால்தான் இந்த இடம் இப்படி ஆனதா என்று அவரிடமே கேட்டேன். "மாடு இல்ல தம்பி, நெருப்பு. மாசி தீ இல்லேன்னா மரம் தானா வந்திருக்கும்." நண்பன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி மறுத்தான். அவனுக்கு டப்பாதான் சாட்சி. இரண்டு பேரும் இதை வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போல. எனக்கென்னவோ இரண்டு பேரும் ஒரே மாட்டின் வாலையும் கொம்பையும் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி தெரிந்தது. புல்லுக்காகத்தானே தீ, மாட்டுக்காகத்தானே புல்.

2022 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை காட்டுக்குள் மேய்ச்சல் கூடாது என்று சொன்னது நினைவிருக்கும். முதலில் எல்லாக் காட்டுக்கும், இரண்டு வாரத்துக்குள் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கினார்கள். இது பட்டா நிலம், அந்த உத்தரவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் கீழேயிருந்து மூன்று பேர் வந்து, வேலியைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்களாம். பெரியவருக்குச் சொந்தக்காரர்கள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று நண்பன் மனைவி சொன்னார். திறக்கவும் இல்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று காப்பி. முதல் பறிப்பு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. சிவந்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும், பச்சையைத் தொடக்கூடாது. அதனால் ஒரே செடிக்கு மூன்று நாலு தடவை திரும்ப வர வேண்டியிருக்கிறது. நானும் கூடை கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோ. பக்கத்து வரிசையில் பறித்த அக்கா என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "மதுரைக்காரவுகளுக்கு இது போதும்" என்றார். அவர் மத்தியானத்துக்குள் 28 கிலோ. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை. வறுத்தால் ஆறில் ஒரு பங்கு எடை போகும். ஏழு கிலோ பழம் கொடுத்தால்தான் என் கடையில் ஒரு கிலோ தூள். அவருடைய அரை நாளை நான் நாலு பொட்டலமாகக் கட்டி விற்கிறேன்.

பழத்தைத் தின்று பாருங்கள், தோல் இனிக்கிறது. உள்ளே இரண்டு கொட்டை முதுகை வெளியே காட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்று பிடிக்காமல் போனால் மற்றொன்று உருண்டையாக வளர்கிறது. அதுதான் பீபெரி. இத்தனை வருஷம் அதைத் தனி ஜாதி என்று சொல்லி அதிக விலைக்கு விற்றிருக்கிறேன், மன்னிக்கவும்.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். கிழக்குப் பக்கத்தில் அவன் அப்பா வைத்த சில்வர் ஓக், ராணுவ வரிசை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக வளரும், மிளகுக் கொடி ஏற வசதி, வெட்டினால் காசு. கெட்ட மரம் என்று சொல்ல மாட்டேன். மிளகுதான் இந்த வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. ஓடைப் பக்கத்தில் தாத்தா காலத்திலிருந்து வெட்டாமல் விட்ட அத்தி, பலா, வெள்ளை அகில். அந்த நிழலில் நின்றால் தலைக்கு மேல் ஒரே பேச்சுச் சத்தம். குக்குறுவான், செம்மீசைச் சின்னான், இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. சில்வர் ஓக் பக்கம் அவ்வளவு சத்தம் இல்லை. சில்வர் ஓக்கில் தின்பதற்குப் பழம் இல்லை, அத்தியில் உண்டு.

மேற்கு ஓரத்துக் கடைசி நாலு வரிசைக்கு வந்ததும் நண்பன் முகம் மாறியது. ஒரு செடியைக் காட்டினான், இலை மஞ்சளாகித் தொங்கியது. தண்டைத் தடவச் சொன்னான். பட்டைக்கு அடியில் விரல் தட்டியது, நரம்பு புடைத்த மாதிரி வளையம் வளையமாக மேடு. செடியை வெட்டி, தண்டைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தான். உள்ளே பென்சில் கனத்தில் சுரங்கம், அது முழுக்க மரத்தூளை இடித்து அடைத்து வைத்த மாதிரி. சுரங்கத்தின் முடிவில் வெண்மஞ்சள் நிறத்தில் ஒரு புழு, தலை மட்டும் அகலம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அரபிகா வகைக் காப்பி வைத்திருக்கிறவர்களுக்கு இதன் பெயரைச் சொன்னாலே தூக்கம் போய்விடும். மருந்து அடித்துக் காப்பாற்றுகிற கட்டம் தாண்டியபின்தான் வெளியே தெரியும். பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

இந்தப் பருவத்தில்தான் வண்டு வெளியே வந்து முட்டையிடும், மறுபடி சித்திரை வாக்கில். வெயில் பட்ட தண்டு என்றால் அதற்குக் கொண்டாட்டம். பட்டை வெடிப்பில் முட்டையைச் செருகிவிடும். அதனால் தேங்காய் மட்டையால் தண்டைத் தேய்த்து வெடித்த பட்டையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு பெண்கள் ஒவ்வொரு செடியாகக் குனிந்து, பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்த்துக்கொண்டே போனார்கள். பட்டி மேடு மொட்டையாக இருந்தவரைக்கும் சாயங்கால வெயில் நேராக இந்த நாலு வரிசையில்தான் விழும். தோட்டத்தில் பிடுங்குகிற செடியில் பெரும்பாலும் இங்கேதான். போன வருஷம் எழுபது. அதற்கு முந்தின வருஷம் நூறுக்கும் மேலே. ஓரத்துத் திட்டு மூன்றும் உயர உயரக் குறைகிறது என்பது அவன் கணக்கு. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; நிழலைக் குறைக்காதே என்று அங்கே சொல்வதும் இந்த வண்டுக்காகத்தான்.

அதற்காக நிழலை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. அடர்ந்தால் பூ குறையும், காய் குறையும். வருஷா வருஷம் கிளை கழித்து, வெயில் எவ்வளவு கீழே விழலாம் என்று பார்த்துப் பார்த்து விடுகிறார்கள். அளவு என்ன என்று கேட்டேன். "மத்தியானம் தரையில வெயில் கோலம் போட்ட மாதிரி விழணும், பாய் விரிச்ச மாதிரி விழக்கூடாது" என்றார் தேய்த்துக்கொண்டிருந்த பெண்.

நான்காம் நாள், சனி

விடியற்காலை பிடித்த மழை விடவில்லை. இட்லி, மறுபடி மழை.

பத்து மணிக்கு நாற்றுக் கொட்டகைக்குப் போனோம். அங்கே பளியர் பழங்குடி அக்கா ஒருவர்தான் எல்லாம். எந்த மரம் எந்த மாசம் பழுக்கும், எந்தப் பாறைப் பக்கம் தாய் மரம் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். மகாகனி கொடுத்த நர்சரிக்குப் பிறகு நண்பன் வெளியில் கன்று வாங்குவதில்லை. வரிசையாகப் பைகள். இங்கே நான் கற்றுக்கொண்டது நாவல் விதை பற்றி. நெல், உளுந்து மாதிரி காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த வருஷம் விதைக்கலாம் என்றுதான் நினைப்போம். நாவல் காய்ந்தால் செத்தது. பழம் தின்ற கையோடு போட வேண்டும். கடுக்காய், தான்றி நேர் எதிர். ஓடு கெட்டி, முளைக்க மாசக்கணக்கில் அடம் பிடிக்கும். "இதுக பொண்ணு வீட்டுக்காரவுக மாதிரி, லேசுல பதில் சொல்லாது" என்றார் அக்கா.

இவ்வளவு பறவை இருக்கிறதே, விதையை அதுகளே கொண்டுவந்து போடாதா என்று கேட்டேன். மழை கொஞ்சம் விட்டதும் அதையும் காட்டக் கூட்டிப்போனார். பட்டி மேட்டில் திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே காய்ந்த கிளைகளைப் பறவைத் தாங்கியாக நட்டிருக்கிறார்கள், நம் வயலில் வைக்கிற மாதிரிதான். ஒன்றின் அடியில் குந்தி உட்கார்ந்து புல்லை விலக்கினேன். வெள்ளை எச்சம், அதற்குள் முளை. கை அகலத்துக்குள் ஏழு செடி. இரண்டு வட்டக்கண்ணி. ஒன்றை எனக்கே அடையாளம் தெரிந்தது, சுண்டைக்காய்! மீதி நாலும் உண்ணிச்செடி. அக்கா நாலையும் பிடுங்கி எறிந்தார். குருவிக்கு நாட்டுச்செடி, சீமைச்செடி எல்லாம் ஒன்றுதான்.

சின்ன வாய்க்குச் சின்ன விதைதான் போகும். குங்கிலியம், அகில், பலா மாதிரிப் பெரிய விதைக்காரர்கள் இப்படி வர வழியில்லை. மரநாய், வௌவால் கொண்டுவந்தால் உண்டு, அதுகளும் மரம் இல்லாத வெட்டவெளிக்கு அதிகம் வருவதில்லை. ஆக, மனுஷன் நட வேண்டியது அந்தப் பெரிய விதைகளைத்தான். திட்டு ஓரப் பாறையில் மரநாய் எச்சம் கிடந்தது. அத்தி விதையும், தோல் கழன்ற காப்பிக் கொட்டை பத்துப் பதினைந்தும். இதைப் பொறுக்கி விற்றால் என்ன விலை தெரியுமா என்று ஆரம்பித்தேன். "எடுத்துட்டுப் போங்க, நாங்க குடிக்க மாட்டோம்" என்றார் அக்கா. நானும் எடுக்கவில்லை.

ராத்திரி மறுபடி மழை, கரண்ட் இல்லை. திட்டு போடும் யோசனை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். கோஸ்டா ரிக்காவின் தெற்கே, காப்பியும் மாடுமாகப் பிழைக்கிற மலைப்பகுதி ஒன்று இருக்கிறதாம். அங்கே கேரன் ஹோல், ரக்கான் ஜஹாவி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004-க்கும் 2006-க்கும் இடையில் பழைய மேய்ச்சல் நிலத்தில் மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு துண்டு நிலத்தை அப்படியே விட்டார்கள், ஒன்றில் முழுக்க மரம் நட்டார்கள், ஒன்றில் தீவு தீவாக நட்டார்கள். தீவுக்கு ஆன கன்று, முழுக்க நட்டதில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் தானாக முளைத்து வந்த கன்றுகளில் தீவு நிலம் முழு நடவுக்குச் சளைக்கவில்லை. அவர்கள் நட்ட நாலு வகை மரத்தில் ஒன்று கல்யாண முருங்கையின் பங்காளி, இன்னொன்று தான்றி, மருதுவின் பங்காளி. அதைப் படித்ததும்தான் நம்பிக்கை வந்தது என்றான். பங்காளி என்ற ஒரே காரணத்துக்காக நம்புகிற ஆளை நம் ஊரில்தான் பார்க்க முடியும்.

இங்கே பக்கத்திலேயே வால்பாறையில், தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவில் சிதறின காட்டுத் துண்டுகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது மழைக்காடு, இங்கே மழை அவ்வளவு இல்லை. மரம் வேறு. அதனால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து பட்டியலை அப்படியே காப்பியடிக்க முடியாது என்றான். நான் சிரிக்கவில்லை.

பணம்? அதையும் கேட்டேன். ஐந்து ஏக்கரும் இன்றைக்கு ஒரு பைசா தருவதில்லை. வேலி, கூலி எல்லாம் பதினாலு ஏக்கர் காப்பியும் மிளகும் வாழையும் கொடுக்கிற காசு. காப்பி விலை விழுந்த வருஷம் இரண்டு திட்டில் புல் அறுக்கவில்லை, அந்த இரண்டும் போயின. அந்த வருஷம் மனைவிக்கும் அவனுக்கும் நடந்த சண்டையை அவன் ஒரு மாதிரி சொன்னான், அவர் உள்ளேயிருந்து வேறு மாதிரி சொன்னார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

மழை விட்டிருந்தது. நடவுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது என்று ஐந்தரைக்கே எழுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது திட்டு, அறுக்காமல் போன ஒன்றின் இடத்திலேயே. குழி ஒன்றரை அடி. ஒரு நாள் முழுக்க நனைந்த மண்ணிலும் கடப்பாரை முதல் அரை அடிக்கு ணங் ணங் என்றது. நான் மூன்று குழி போட்டேன், உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். மீதி இருபத்திரண்டை மூன்று பேர் போட்டார்கள். பையைக் கிழிக்கிறபோது வேர்மண் உதிராமல் கையில் ஏந்த வேண்டும். நான் ஏந்தின முதல் கன்றே உதிர்ந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை அவரே எடுத்துக்கொண்டார். நடுவில் குங்கிலியம், சுற்றி நாவலும் வேங்கையும், வெளி ஓரத்தில் சீக்கிரம் வளர்கிற வட்டக்கண்ணி. அறுத்த புல்லைக் கன்றைச் சுற்றி மெத்தையாகப் போட்டோம்.

முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஐந்தாவது திட்டுப் பக்கம் வேலி படுத்துக் கிடந்தது. ராத்திரி காட்டுமாடு வந்திருக்கிறது. குளம்புத் தடத்தில் என் கையை மடக்கி வைத்துப் பார்த்தேன், முழுக்க உள்ளே அடங்கியது. வேங்கை நாலு ஒடிந்திருந்தது. நண்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "இதுங்ககிட்ட என்னடா சொல்றது, இதுங்க வரணும்னுதானே செய்யறோம்" என்று சொல்லிவிட்டுக் கம்பி எடுக்கப் போனான்.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ஐந்து கிலோ கொட்டை கட்டிக் கொடுத்தார்கள், ஓடைப் பக்கத்து நிழலில் விளைந்தது. கடையில் தனியாக வறுத்துப் பார்க்க வேண்டும். நண்பன் மனைவி ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வைத்தார், விருப்பாச்சி. முடிக்கொத்து நோய் வந்து இந்த மலையிலிருந்தே கிட்டத்தட்ட அழிந்துபோன ரகம், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போனது. இவர் காப்பிக்கு நடுவே பத்துக் கட்டை மட்டும் வைத்துப் பிள்ளை மாதிரி பார்க்கிறார். வத்தலக்குண்டு வருவதற்குள் நான் நாலு பழம் முடித்துவிட்டேன்.

ஜீப் ஏறும்போது பெரியவர் வந்து நின்றார். செவலை காலையிலும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டதாம். புல் மறைப்பில் எந்தத் திட்டில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, ஓடித் தேட முழங்கால் விடுவதில்லை. "தம்பி, மதுரையில நல்ல மணி கிடைக்கும்ல? கழுத்துல கட்டிவிட்டா எங்க நிக்குதுன்னு காதுக்காவது கேக்கும்" என்றார். இருநூறு ரூபாயை மடித்து என் சட்டைப் பையில் வைக்க வந்தார். வேண்டாம் என்று தள்ளினேன், ஜீப் நகர்ந்த பிறகு பார்த்தால் பைக்குள் இருக்கிறது.

ஆரப்பாளையத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது, வெண்கல மணியா இரும்பு மணியா என்று கேட்கவில்லை. போன் போட்டால் அங்கே சிக்னல் இல்லை.